நீ கேட்ட பொட்டலம் பையில் இல்லை

செஞ்சி,
ஆவணி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள ஜெயராமனுக்கு,

துரைக்கண்ணு எழுதுவது. இங்கே நான் நலம். எல்லாரும் கடிதத்தின் தலையில் வழக்கத்துக்கு எழுதுகிற நலம் இல்லை, நிஜமாகவே நலம். உன் நலத்தைப் பற்றித்தான் எனக்குச் சந்தேகம். அதற்காகத்தான் இத்தனை தாள்.

உன் ரூமில் தங்கியிருக்கிற எழிலரசன் லீவு முடிந்து மஸ்கட்டுக்குக் கிளம்புகிறான். அவன் பையில் கலைவாணி தங்கச்சி தன் புருஷனுக்கென்று முறுக்கும் பருப்புப்பொடியும் வைத்திருக்கிறாள். நான் கருவாடு வாங்கி, நாற்றம் வெளியே வராமல் சுற்றிக் கட்டிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் நீ வாய்ஸ் மெசேஜின் கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நம்ம ஐட்டம் கொஞ்சம் துணிக்கு நடுவுல வெச்சு அனுப்புடா" என்று கேட்டாயே, அது மட்டும் பையில் இல்லை. தேடாதே. வேட்டியை உதறிப் பார்த்துவிட்டு எழிலரசன்மேல் பாயாதே. ஏர்போர்ட்டில் பிடித்தால் அந்தப் பிள்ளையின் வேலை போய்விடும் என்பது ஒரு காரணம். அது சின்னக் காரணம். பெரிய காரணத்தை இனிமேல்தான் எழுதப் போகிறேன், பொறுமையாகப் படி.

அதே மெசேஜில் இன்னொன்றும் சொன்னாய். "கன்னத்துல உள்பக்கம் ஒரு புண்ணு, ஆறவே மாட்டேங்குது. இந்த ஊரு குபூஸ் ரொட்டி முரட்டு ரொட்டி, அது உரசி உரசித்தான் வந்துடுச்சு. ஊறுகா பட்டா உயிர் போவுது. பொங்கலுக்கு வரும்போது பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாய். அந்தச் சிரிப்பைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். அடுப்படியில் இருந்த அன்புக்கரசி கரண்டியோடு வெளியே வந்து, "இன்னாய்யா இது, அண்ணன் உன் கதையையே சொல்லுது" என்றாள். 

போன் செய்திருக்கலாமே என்று கேட்பாய். நேரில் நான் பேசினால் இப்போது எல்லாருக்கும் புரிகிறது. போனில் பாதிதான் புரிகிறது. நீ "இன்னா? இன்னாடா?" என்று கத்துவாய், எனக்குக் கோபம் வரும், வைத்துவிடுவேன். இந்த விஷயத்தில் உனக்கு ஒரு வார்த்தைகூடத் தவறிப்போகக் கூடாது.

போன வருஷம் எனக்கு வாயில் சின்ன ஆபரேஷன் என்று அன்புக்கரசி உனக்குச் சொன்னாள். விஷயம் தெரிந்தால் வேலையை விட்டுவிட்டு ஓடி வந்து நிற்பாய் என்று நான்தான் அவளையும் தங்கச்சியையும் அப்படிச் சொல்லச் சொன்னேன். அது சின்னது இல்லை ஜெயராமா. எனக்கு வந்தது புற்றுநோய். நம் பொட்டலம் கொடுத்தது.

நீ இங்கே பஸ் ஓட்டின காலத்தில் நம் வண்டியில் டிரைவர் சீட்டுக்கு மேலே 'புகை பிடிக்காதீர்' என்று சிவப்பில் எழுதியிருக்கும். அதை அமல்படுத்துவதில் நான் எவ்வளவு கறார்! ஜன்னலோரம் எவனாவது பீடி பற்ற வைத்தால் ஒரு விசில், நீ பிரேக், ஆள் கீழே. இறங்குகிறவனுக்குப் புற்றுநோயைப் பற்றி ஒரு பிரசங்கமும் இலவசம். பிரசங்கம் நடக்கும்போது என் கன்னத்தில் புகையிலை அடங்கியிருக்கும், மீதி உன் கன்னத்தில். புகை விட்டால்தான் கெடுதல், நாம்தான் புகையே விடுவதில்லையே என்று நாம் இரண்டு பேரும் உத்தமமாக நம்பிக்கொண்டு வண்டி ஓட்டினோம். அனந்தபுரத்துக்கு முன்னால் நான் இறக்கிவிட்ட ஒரு பெரியவர் ரோட்டில் நின்றுகொண்டே, "என் பீடிய எறக்கி வுட்ட, சரி. உன் கன்னத்துல இருக்குறத எந்த ஸ்டாப்பிங்ல எறக்குவ?" என்று கேட்டார். நீ ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துச் சிரித்தாய். நானும் சிரித்துவிட்டு ரெண்டு விசில் கொடுத்தேன்.

புண் வந்தபோது என் மூளை போன இடத்தைக் கேள். விசில்தான் உரசுகிறது என்று முடிவு செய்தேன். விசிலை வாயின் இடது ஓரத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டே டிக்கெட் கிழிப்பது என் பழக்கம் இல்லையா? பித்தளை களிம்பு ஏறியிருக்கும் என்று பிளாஸ்டிக் விசில் வாங்கினேன். பிளாஸ்டிக்கின் விளிம்பு கூராக இருக்கிறது என்று அதன்மேல் சைக்கிள் டியூப்பைச் சுற்றினேன். அப்புறம் விசிலையே வலது பக்கத்துக்கு மாற்றினேன். புகையிலையை மட்டும் மாற்றவில்லை. புண்ணுக்கு மேலேயே அதை அதக்கினேன், எரிச்சல் மரத்துப் போகிறதே என்ற சந்தோஷத்தில். நீ குபூஸ் ரொட்டியைக் குற்றம் சொன்னதும் எனக்கு அந்த சைக்கிள் டியூப்தான் ஞாபகம் வந்தது.

கண்டுபிடித்தது அன்புக்கரசி. கல்யாணமான நாளிலிருந்து குழம்பில் காரம் போதவில்லை என்று சண்டை போட்ட ஆள் தயிர்சாதம் கேட்டால் எந்தப் பெண்சாதிக்கும் சந்தேகம் வரும். அப்புறம் ஒரு நாள் வடையை வாயில் போட முடியாமல் கிள்ளிக் கிள்ளித் தின்றேன். வாய் அவ்வளவுதான் திறந்தது. அவள் என்னை வேட்டி மாற்றக்கூட விடவில்லை, அப்படியே பிடித்து நம் ஊர் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். பல் டாக்டரம்மா பார்த்துவிட்டு, எத்தனை வருஷமாகப் போடுகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அதற்கப்புறம் அவர் என்னிடம் பேசவில்லை, அன்புக்கரசியிடம்தான் பேசினார். அன்றைக்கே புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

அங்கே துளி சதையைக் கிள்ளி எடுத்துப் பரிசோதித்தார்கள். முடிவு சொன்ன டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. கன்னத்தில் புற்று, நாக்கின் ஓரத்தையும் தொட்டிருக்கிறது, இன்னும் கழுத்துக்கு இறங்கவில்லை, இப்போதே அறுத்து எடுத்தால் பிழைக்கலாம், பேச்சுக்கு உத்தரவாதம் இல்லை என்றார். ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட ஒரு தாளை நீட்டினார். பேச்சு போன கண்டக்டர் எதற்கு? இப்படியே போகட்டும் என்று நான் எழுந்துவிட்டேன். அன்புக்கரசி என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்து, "நீ பேசாம இருந்தா எனக்கு நிம்மதிதான்யா, கையெழுத்தப் போடு" என்றாள். சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போய் விசும்பி விசும்பி அழுதாள். அந்தச் சத்தம் உள்ளே கேட்டது. நான் கையெழுத்துப் போட்டேன்.

கன்னத்தில் எடுத்த இடத்தை மூட, என் இடது முன்கையிலிருந்து தோலும் சதையுமாக எடுத்து வாய்க்குள் வைத்துத் தைத்தார்கள். இதில் ஒரு கூத்து. கையில் இருந்த முடியும் கூடவே வந்துவிட்டது. கன்னத்துக்கு உள்ளே முடி முளைத்த ஆளை நீ பார்த்திருக்கிறாயா? நான் பார்த்தேன், கண்ணாடியில். கதிர்வீச்சு வைத்தியம் கொடுத்தபோதுதான் அது கொட்டியது. அந்த வைத்தியத்தைப் பற்றி மட்டும் உனக்குச் சிரிக்கச் சிரிக்க எழுத முடியவில்லை. எச்சில் வற்றிப்போய், தொண்டை வெந்து, மூக்கில் போட்ட குழாய் வழியாகக் கஞ்சி குடித்துக்கொண்டு கிடந்தேன். ருசி என்று ஒன்று உலகத்தில் இருந்ததே மறந்துபோனது. அத்தனை வேதனைக்கு நடுவிலும் புகையிலை கேட்டது மனசு, அதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும். புண்ணாய்க் கிடக்கிற அதே வாய் கேட்டது. தலைவலி, தூக்கமின்மை, பார்த்தவர்மேல் எல்லாம் எரிச்சல். ஆஸ்பத்திரியில் புகையிலையை விட வைப்பதற்கென்றே உட்கார்ந்திருக்கிற ஒருவர், கொஞ்ச நாள்தான், அப்புறம் அடங்கிவிடும் என்றார். நான் நம்பவில்லை. ஆனால் அடங்கிவிட்டது. இன்றைக்குப் பக்கத்தில் ஒருவன் அதைப் பிரித்தால் அந்த வாசனை எனக்குக் குமட்டுகிறது.

பேச்சு வந்த கதையைக் கேள். பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் நம் கலைவாணி வயசுதான் இருக்கும். அம்மா, அப்பா சொல்லுங்க என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. என் பாடத்தை நானே வைத்துக்கொள்கிறேன் என்று எழுதிக் காட்டினேன். செஞ்சியிலிருந்து பனமலை வரைக்கும் நம் ஸ்டாப்பிங் அத்தனையையும் வரிசையாகச் சொல்லிப் பழகினேன். முதலில் உதட்டோரம் காற்று போய், எல்லா ஊரும் ஒரே ஊராகத்தான் கேட்டது. வீட்டுக்கு வந்த பிறகும் விடவில்லை. தண்ணீர் பிடிக்க வரும் பெண்கள், "அண்ணே, பனமலைக்கு ஒரு டிக்கெட்" என்று கிண்டல் செய்வார்கள். கிண்டல் செய்கிறார்கள் என்றால் ஊர்ப்பெயர் புரிகிறது என்றுதானே அர்த்தம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதலாளி கோதண்டராமன் நல்ல மனுஷன். பஸ் ஸ்டாண்டில் டைம் எழுதுகிற வேலை தருகிறேன், உட்கார்ந்த இடத்தில் செய் என்றார். எனக்கு வண்டிதான் வேண்டும் என்றேன். அவர் தயங்கினார். "கோவிச்சுக்காத துரைக்கண்ணு. கத்துறது இருக்கட்டும், விசில் அடிக்க முடியாத ஆள நம்பி எப்படிய்யா வண்டிய அனுப்புறது?" என்றார். அவர் சொன்னது நியாயம். கன்னத்தில் காற்று நிற்காதவனுக்கு விசில் எப்படி வரும்? வீட்டுக்குப் போய்க் கொல்லையில் நின்று ஊதிப் பார்த்தேன். சோடா பாட்டில் மூடி திறந்த மாதிரி ஒரு சத்தம். நாய்கூடத் திரும்பவில்லை. நாள் கணக்கில் ஊதினேன். கடைசியில் இடது உதட்டோரத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வலது பக்கம் ஊதினால் வருகிறது என்று கண்டுகொண்டேன். அன்றைக்கு நான் அடித்த விசிலில் பக்கத்துத் தெரு வரைக்கும் குழந்தைகள் முழித்துக்கொண்டன. அன்புக்கரசி என்னைத் திட்டவில்லை, இன்னொரு தடவை அடிக்கச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை, ஆட்டுச்சந்தை நாள். ஒரு நடை மட்டும் போய்ப் பார் என்றார் முதலாளி. வண்டியில் ஆளும் ஆடும் சரிபாதி. புது டிரைவர் அரிகிருஷ்ணன், சின்ன வயசு, என்னைப் பார்த்து அவனுக்கே பயம். கோட்டை பார்க்க வந்த வெளியூர்க் கார்கள் வேறு ரோட்டை அடைத்து நிற்கின்றன. நான் படியில் நின்று, "அனந்தபுரம், பனமலை! பனமலை ஏறு!" என்று கத்தினேன். பழைய குரல் இல்லை, கொஞ்சம் கொழகொழப்புத்தான். ஆனால் பனமலை ஜனம் அத்தனையும் ஏறியது, வேறு ஊர் ஆள் ஒருவர்கூடத் தவறி ஏறவில்லை.

அனந்தபுரத்தில் அம்மாக்கண்ணு என்று ஒரு அம்மா கிடாவோடு இறங்கியது. எல்லாரும் இறங்கியாயிற்று என்று ரெண்டு விசில் கொடுத்துவிட்டேன், வண்டி நகர்ந்துவிட்டது. பார்த்தால் கிடாவின் கயிறு படிக்கட்டுக் கம்பியில் மாட்டியிருக்கிறது. கயிற்றின் மறுநுனி அந்த அம்மா கையில் சுற்றியிருக்கிறது. கிடாவும் அந்த அம்மாவும் வண்டியோடு ஓடுகிறார்கள், பின்சக்கரம் பக்கத்தில் வருகிறது. உள்ளே ஜனம் போடுகிற கூச்சலில் என் குரல் எடுபடாது. விரல் தானாக உதட்டுக்குப் போனது. ஒரே விசில், நீளமாக, மூச்சு முட்ட அடித்தேன். அரிகிருஷ்ணன் பிரேக்மேல் ஏறி நின்றுவிட்டான். வண்டி நின்றது.

கீழே குதித்துக் கயிற்றை அவிழ்த்தேன். அந்த அம்மாவுக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். நன்றி சொல்லும் என்று பார்த்தால், "இன்னாடா கண்டக்டரு நீ, ஆள் எறங்கறதுக்குள்ள ரைட் குடுக்குற" என்று என்னை வாங்கு வாங்கு என்று வாங்கியது. நான் பதிலுக்குக் கத்தினேன். அது கத்தியது. நடுரோட்டில் நானும் ஒரு மனுஷியும் வாய்ச்சண்டை போட்டோம் ஜெயராமா! நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அதற்குப் புரிந்து, அதற்கு அது பதில் சொன்னது! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சண்டையை நிறுத்த மனசே இல்லை. சாயங்காலம் முதலாளி வந்து பையையும் டிக்கெட் மிஷினையும் என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து தினமும் நான் வண்டியில்தான் இருக்கிறேன்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று பெருமையடித்துக்கொள்ளத்தான் இதையெல்லாம் எழுதினேன். ஆமாம், ஜெயித்தேன். ஆனால் கழுத்துக்கு இறங்குவதற்கு முன்னால் ஒருத்தி என்னை இழுத்துக்கொண்டு போனதால் ஜெயித்தேன். எனக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த ஒரு மேஸ்திரி, வீட்டில் கல்யாணம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டவர். அவர் இல்லை இப்போது. உன்னை அங்கே யார் இழுத்துக்கொண்டு போவார்கள்? ரெண்டு வாரத்தில் ஆறாத புண்ணை வைத்தியரிடம் காட்டியே ஆக வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். உன் புண் எப்போது வந்தது? பொங்கலுக்கு இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது?

உன் புண்ணைப் பற்றித் தங்கச்சியிடம் நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நீ நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனால் சொல்ல வேண்டிய அவசியமும் இருக்காது. கம்பெனி லீவு தரவில்லை என்றால் தலைவலி, வயிற்றுவலி, எதையாவது சொல். போய்க் காட்டுடா. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

இப்படிக்கு,
உன் வண்டியின் கண்டக்டர்,
துரைக்கண்ணு.


செஞ்சி,
ஐப்பசி, மழை நாள்.

அன்புள்ள ஜெயராமனுக்கு,

எழிலரசன் போனில் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டான். கடிதத்தைப் படித்துவிட்டு நீ முதலில் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினாயாம். அப்புறம் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாயாம். காலையில் எழுந்து, கம்பெனி வண்டியை எடுக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாயாம். திட்டினதற்கெல்லாம் எனக்கு வருத்தமே இல்லை, நீ இன்னும் நன்றாகத் திட்டியிருக்கலாம்.

உன் பரிசோதனை ரிசல்ட் வருகிற வரைக்கும் நான் இருந்த இருப்பை அன்புக்கரசியைக் கேட்டால் சொல்வாள். மீதிச் சில்லறையை மாற்றி மாற்றிக் கொடுத்து ஜனங்களிடம் ஏச்சு வாங்கினேன். என் ரிசல்ட்டுக்குக்கூட நான் இவ்வளவு பயப்படவில்லை. பனமலை ஏரிக்கரை ஓரமாக வண்டி போகும்போது உன் மெசேஜ் வந்தது. புற்று இல்லை, அதற்கு முந்தின படி, புண்ணைச் சுற்றியிருக்கிற வெள்ளைத் திட்டை எடுத்துவிடலாம், பொட்டலத்தை விட்டே ஆக வேண்டும், விடாமல் வந்து காட்ட வேண்டும் என்று டாக்டர் சொன்னதாக எழுதியிருந்தாய். படித்ததும் என்னை அறியாமல் ஒரு விசில் அடித்துவிட்டேன். ஸ்டாப்பிங்கே இல்லாத இடம். அரிகிருஷ்ணன் வண்டியை நிறுத்திவிட்டு, "இன்னாண்ணே, யாரு எறங்கணும்?" என்று பின்னால் திரும்பினான். "யாரும் எறங்கல. மஸ்கட்டுல ஜெயராமனுக்கு ஒன்னுமில்ல!" என்று கத்தினேன். நீ யாரென்று பாதி வண்டிக்குத் தெரியாது. இருந்தாலும் ஒரு அம்மா, "நல்லா இருக்கட்டும்பா" என்று சொன்னது. மழையில் வண்டி நிற்கிறதே என்று மீதிப்பேர் முனகினார்கள், முனகட்டும்.

தங்கச்சியிடம் இப்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு கிண்ணம் நிறையப் பாயசம் கொண்டுவந்து வைத்தாள். ருசி எனக்கு முக்கால்வாசி திரும்பிவிட்டது, இனிப்பு நன்றாகவே தெரிகிறது.

நீ பொட்டலத்தை விட்டுவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். நம்புகிறேன், முழுசாக நம்பவில்லை. நான் இருந்து பார்த்தவன். கை பரபரக்கும், பொய் சொல்லத் தோன்றும், யாரிடமாவது கிடைக்குமா என்று கண் தேடும். அப்போது கோபத்தை எழிலரசன்மேல் காட்டாதே, எனக்கு மெசேஜ் போட்டுத் திட்டு. சோம்பு, கிராம்பு இரண்டும் பொட்டலம் கட்டி அனுப்புகிறேன், வாயை அதில் ஏமாற்று. தவறிப்போய் ஒரு தடவை போட்டுவிட்டால், எல்லாம் போயிற்று என்று விட்டுவிடாதே, அடுத்த வேளையிலிருந்து மறுபடி நிறுத்து. அந்த ஆஸ்பத்திரிக்காரர் எனக்குச் சொன்னது இதுதான், எனக்குப் பலித்தது.

கம்பெனி தீபாவளிக்கே லீவு கொடுத்துவிட்டதாமே. திட்டை இங்கே வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று நீ சொன்னதும் சரி, புதுச்சேரிக்கு நானே கூட்டிப் போகிறேன், வழி எனக்கு மனப்பாடம். திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறினதும் ஒரு மெசேஜ் போடு. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் தங்கச்சி நிற்பாள், பிள்ளைகள் நிற்பார்கள், அன்புக்கரசி ஆரத்தி கரைத்துக்கொண்டு நிற்பாள். எல்லாருக்கும் முன்னால் நான் நிற்பேன், கையில் டார்ச் லைட்டோடு. உன் பெட்டியை நான் வாங்கமாட்டேன், கட்டிப்பிடிக்கமாட்டேன், வந்துட்டியா என்றுகூடக் கேட்கமாட்டேன். முதலில் இடது கன்னம், வலது கன்னம், நாக்குக்கு அடி எல்லாவற்றையும் என் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்தபிறகுதான் நீ உன் பெண்சாதி பிள்ளைகளுக்கு.

நல்லபடியாக வந்து சேருடா. வாயைத் திறந்துகொண்டே இறங்கு.

உன்,
துரைக்கண்ணு.